ஒவ்வொரு சேவுக்கும் எட்டு இடைவெளி

ஜூன் 3, திங்கள்

ஆதிரை பாட்டிலை எடுத்துக்கொண்டாளாம். பத்து நாற்பதுக்கு ஒரு முறை, பன்னிரண்டே காலுக்கு ஒரு முறை. நவநீதன் போட்டோ அனுப்பினார். போட்டோவைப் பெரிதாக்கி அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன். பாட்டில் குடிக்கிற பிள்ளை மூச்சு விடாமலா இருக்கும். இருந்தாலும் பார்த்தேன்.

ஏழரை மாதம் கழித்து அலுவலகம். மதியம் வரை சரவணம்பட்டி, பிறகு வீட்டிலிருந்து வேலை. நவநீதனுக்குப் பம்ப் கம்பெனியில் இரண்டாவது ஷிஃப்ட். அவர் கிளம்ப நான் வர, பிள்ளையை வாசலில் கை மாற்றிக்கொள்கிறோம்.

மகேந்திரன் சார் என் மேசைக்கே வந்தார். "வாங்க கோகிலா, பாப்பா நல்லாருக்கா? சின்ன வேலை ஒண்ணு, அதுல இருந்து ஆரம்பிங்க" என்றார். தளிர்நடை மழலையர் காப்பகத்தின் வேலை. கோவையில் அவர்களுக்குப் பதினோரு கிளைகள், அவர்களுடைய தளம் நாங்கள் செய்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் இருக்கும். அதில் ஒரு பெரிய பெட்டி: என்ன சாப்பிடும், எப்போது தூங்கும், என்ன ஆகாது என்பதை டீச்சர்கள் அதில் எழுதி வைப்பார்கள். பீளமேடு கிளையில் மிதுலன் என்ற நாலு வயதுப் பையனுக்கு நிலக்கடலை ஆகாது. போன வாரம் யாரோ பிறந்தநாளுக்குக் கடலை மிட்டாய் கொடுத்திருக்கிறார்கள். முகம் வீங்கி, மூச்சு இழுத்து, ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போது நன்றாக இருக்கிறான். அன்றைக்கு அவன் டீச்சர் லீவு. மாற்றாள் டேப்லட்டைப் பார்த்திருக்கிறாள், நிலக்கடலை வரி அதில் இல்லை.

"வரிய யாரு அழிச்சாங்க, எப்ப அழிச்சாங்கன்னு தளிர்நடை ஓனரம்மா கேக்கறாங்க. லாக்ல பாத்து ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க."

பார்த்தேன். தளத்தின் பதிவேட்டில் கடைசியாகச் சேவ் செய்தவர்: மிதுலனின் டீச்சர் அருள்மேரி. மே 24, காலை 9.12. அப்படியே எழுதிக் கொடுத்தேன். வந்த முதல் நாளே ஒரு வேலையை முடித்தது நன்றாக இருந்தது.

ஜூன் 4, செவ்வாய்

மிதுலனின் அம்மாவைப் பற்றியே நினைப்பு. ஆதிரைக்கு இன்னும் நிலக்கடலை கொடுத்துப் பார்க்கவில்லை.

ஜூன் 5, புதன்

உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் இந்த வாரம் என் போனுக்கு. பதினொரு மணிக்கு ஒரு பெண் குரல்.

"ஏனுங்க, தளிர்நடை வெப்சைட் பாக்கறது நீங்கதானுங்களா? நான் அருள்மேரி. பீளமேடு பிராஞ்ச்ல எட்டு வருசமா டீச்சர். நேத்து சாயங்காலத்தோட நின்னுக்கச் சொல்லிட்டாங்க."

திங்கட்கிழமை நான் எழுதிக் கொடுத்த பெயர். சொல்லுங்க என்றேன்.

"நான் அழிச்சேன்னு கம்ப்யூட்டரே சொல்லுதுன்னு காட்டறாங்க. அழிக்கலீங்க. அந்த வரிய எழுதுனதே நானு. ஒருக்கா இல்ல, நாலஞ்சு வாட்டி. எழுதி வெப்பேன், பத்து நாள்ல காணாமப் போயிரும். திருப்பி எழுதுவேன். மூணு கம்ப்ளைண்டு போட்டேனே, உங்களுக்கு வரலீங்களா?"

"என்னன்னு போட்டீங்க?"

"எழுத்தெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போகுதுன்னு போட்டேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நான் யார், அந்த இரண்டு வரியை எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

புகார்களைத் தேடினேன். மூன்றும் இருந்தன. நவம்பரில்: "எழுத்து வலது பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது." பதில்: டேப்லட்டை நேராகப் பிடித்துப் பார்க்கவும். ஜனவரியில்: "நடுவில் காலி இடம் நிறைய வருகிறது, கீழே தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கிறது." பதில்: இணைய இணைப்பைச் சரிபார்க்கவும். மார்ச்சில்: "கடைசி வரிகள் காணாமல் போகின்றன. குழந்தைகளின் மருந்து விவரம் அதில் இருக்கிறது. தயவுசெய்து கவனிக்கவும்." பதில்: கை தவறிப் பட்டிருக்கலாம். முடிக்கப்பட்டது.

பதில்களை எழுதியது ஷாஹிரா. நான் லீவில் இருந்தபோது என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள். ஐந்து பேர் வேலையை இரண்டு பேர் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் டேப்லட்டை நேராகப் பிடி என்று ஒரு டீச்சரிடம் சொல்வதா?

ஜூன் 6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

நாங்கள் பக்கங்களை நேரடியாக எழுதுவதில்லை. டெம்ப்ளேட் என்று ஒரு அச்சு செய்து வைப்போம். குழந்தையின் பெயர் இங்கே, படம் இங்கே, குறிப்பு இங்கே என்று அது சொல்லும். யாராவது பக்கத்தைத் திறக்கும்போது அந்த அச்சில் விவரங்களை ஊற்றி முழுப் பக்கத்தையும் அது எழுதித் தரும். எழுதித் தருவது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு அமைப்பு உண்டு. 'இல்லை' என்று வைத்தால் எல்லாவற்றையும் ஒரே வரியாக ஒட்டித் தரும். 'ஆம்' என்று வைத்தால் ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில், ஒன்றுக்குள் ஒன்று இருப்பது தெரியும்படி இடைவெளி விட்டு அழகாக அடுக்கித் தரும். பிரௌசருக்கு இரண்டும் ஒன்றுதான். வரிக்கு முன்னால் எத்தனை இடைவெளி இருந்தாலும் அது கண்டுகொள்வதில்லை.

எழுதும் பெட்டிக்குள் மட்டும் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு இடைவெளியும் எழுத்துதான். அழகாக அடுக்குகிறேன் என்று டெம்ப்ளேட் அந்தப் பெட்டிக்குள்ளும் புகுந்து வரிக்கு எட்டு இடைவெளி வைத்துவிடுகிறது. டீச்சர் ஒன்றும் மாற்றாமல் சேவ் அழுத்தினால்கூட அந்த எட்டும் சேர்ந்து சேமிக்கப்படுகிறது. மறுநாள் திறந்தால் இன்னொரு எட்டு. இந்தப் பெட்டியில் அறுநூறு எழுத்துக்கு மேல் நிற்காது. மேலே போவதைச் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிடும்.

மிதுலனின் குறிப்பு ஏழு வரி, இருநூற்றுப் பத்து எழுத்து. ஏழாவது சேவில் கடைசி வரி ஓரம் தேய்கிறது. எட்டாவது சேவில் அந்த வரியே இல்லை. நானே எட்டு முறை அழுத்திப் பார்த்தேன். 'நிலக்கடலை கொடுக்கவே கூடாது' என்பதுதான் கடைசி வரி.

வேறு டீச்சர்களின் வகுப்பில் ஏன் இப்படி ஆகவில்லை என்பதையும் பார்த்தேன். அவர்கள் மாற்றம் இருந்தால் மட்டும் சேவ் செய்கிறார்கள். அருள்மேரி தினமும் காலையில் ஒன்பது மணிக்கு ஒவ்வொரு குழந்தையின் பக்கத்தையும் திறந்து படித்து, படித்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாகச் சேவ் அழுத்துகிறார். ஒழுங்காக இருந்தவருக்குத்தான் இது நடந்திருக்கிறது.

லாக், யார் சேவ் செய்தார்கள் என்று மட்டும்தான் சொல்லும். என்ன அழிந்தது, எதனால் அழிந்தது என்று சொல்லாது. திங்கட்கிழமை நான் எழுதிய இரண்டு வரியில் அது இல்லை.

அமைப்பு 'ஆம்' என்று இருக்கிறது. யார் எப்போது மாற்றினார்கள் என்பதை அந்த ஃபைலின் மாற்ற வரலாற்றில் பார்க்கலாம். பார்க்கவில்லை. ஆதிரைக்குப் பால் எடுத்து வைக்கும் நேரம் ஆகிவிட்டது.

ஜூன் 7, வெள்ளி

'ஆம்' என்பதை 'இல்லை' ஆக்கினேன். ஒரு சொல். சோதித்துப் பார்த்து ஏற்றியதையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம்.

ஷாஹிராவிடம் காட்டினேன். "நான் அந்த ஃபைலத் தொடவே இல்லக்கா" என்றாள். அவள் தொட்டதாக நான் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் இரண்டு நாளாகச் சாப்பிடாதவள் மாதிரி இருந்தது. "அந்தப் பதிலெல்லாம் நான்தாங்க்கா போட்டேன். ஒரு நாளைக்கு நாப்பது வருது. படிச்சாப் போட்டேன்னு நினைக்கறீங்க?"

மகேந்திரன் சாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். அவர் நன்றாகவே கேட்பார்.

"சரி பண்ணிட்டீங்கல்ல?"

"பண்ணிட்டேன் சார். அவங்ககிட்ட எப்ப சொல்லலாம்?"

"எவங்ககிட்ட?"

"தளிர்நடைல. அந்த டீச்சர நிறுத்திட்டாங்க சார்."

"அது அவங்க உள் விவகாரம் கோகிலா. நம்மகிட்ட லாக் கேட்டாங்க, குடுத்தோம். லாக்ல பொய் இல்லையே?"

இல்லை. பொய் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

துணி இரண்டு தவணை. பருப்புச் சாதம் மசித்து ஊட்டினேன், பாதி கழுத்து மடிப்பில். ஆதிரைக்கு நகம் வெட்டினேன். தூங்கும்போதுதான் வெட்ட முடிகிறது. வெட்டும்போது நான் மூச்சு விடுவதில்லை.

வரலாற்றைப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும். வியாழக்கிழமையே தெரியும். அந்த அமைப்பின் பெயரைப் படித்தவுடனே என் காலில் அன்றைக்கிருந்த வீக்கம் ஞாபகம் வந்துவிட்டது.

அக்டோபர் 13, வெள்ளி. லீவுக்கு முந்தைய கடைசி நாள். தளிர்நடை உரிமையாளர் கல்பனா மேடத்தின் தம்பி மகன் கம்ப்யூட்டர் படிக்கிறவனாம். பக்கத்தின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்து, எல்லாம் ஒரே வரியாக அப்பிக் கிடக்கிறதே, இதுவா வேலை என்று கேட்டிருக்கிறான். திங்கட்கிழமை அவர்களோடு கூட்டம். "பாக்கறதுக்கு நீட்டா பண்ணிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் சார். 'இல்லை' என்பதை 'ஆம்' ஆக்கினேன். பக்கம் திறக்கிறதா என்று பார்த்தேன், திறந்தது. கூட்டம் முடிந்ததும் பழையபடி மாற்றவும் என்று ஒப்படைப்புக் குறிப்பில் எழுத நினைத்தேன். எழுதவில்லை. எல்லோரும் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள்.

ஷாஹிரா முகத்தைப் பார்த்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

சாரிடம் சொன்னேன். மாத்துனது நான்தான் சார், அக்டோபர்ல.

"தெரியும்" என்றார். "வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன். உங்க பேர்தான் இருக்கு. அதனாலதான் பேசாம இருக்கச் சொன்னேன். நீங்க இப்பதான் திரும்பி வந்திருக்கீங்க, கைக்குழந்தை. ஒரு பையன் ஆஸ்பத்திரி போனதுக்கு உங்க பேர் வந்தா நல்லாவா இருக்கும்? நான் உங்களக் காப்பாத்திட்டு இருக்கேன்மா."

முதல் முறையாக என்னை அம்மா என்று கூப்பிட்டார்.

வந்து உட்கார்ந்து யோசித்தேன். என்னைக் காப்பாற்ற இன்னொரு பெண் எட்டு வருஷ வேலையை விட்டுப் போக வேண்டும். அதை எனக்குச் செய்த உபகாரமாக நான் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டால் அடுத்து எதைச் சொன்னாலும் தலையாட்ட வேண்டும்.

திரும்பிப் போனேன். "எனக்கு வேண்டாம் சார்" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"காப்பாத்த வேண்டாம்."

"எமோஷனலாப் பேசாதீங்க. டெலிவரிக்கப்புறம் அப்படித்தான் இருக்கும், என் வீட்லயும் இருந்துச்சு."

"என் டெலிவரி நவம்பர்ல சார். இது அக்டோபர்ல பண்ணது."

ஜூன் 11, செவ்வாய்

காலையில் நவநீதனிடம் சொன்னேன். அவர் ஆதிரையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"எழுதுனா வேலை போயிருமா?"

"போகலாம்."

"எழுதலைன்னா?"

"போகாது."

தண்ணீர் ஊற்றினார். "கம்பெனில எங்க லைன்ல போன வருசம் ஒரு ஷாஃப்ட் தப்பாப் போச்சு. பழிய லேத்துக் கடைசல்காரன் மேல போட்டாங்க. அளவு குடுத்தது நானு. நான் ஒண்ணும் சொல்லல கோகி."

இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

"அவரு என்ன ஆனாரு?"

"தெரியல. அதுக்கப்புறம் பாக்கல." கொஞ்ச நேரம் கழித்து, "சோப்புக் கண்ணுல பட்டுரும், துண்ட எடு. எடுத்துக் குடுத்துட்டுப் போய் எழுது" என்றார்.

எழுதினேன். கல்பனா மேடத்துக்கு, நகல் மகேந்திரன் சாருக்கு. ஜூன் 3 அன்று நான் அனுப்பிய அறிக்கை முழுமையானதல்ல. குறிப்பை அழித்தது அருள்மேரி அல்ல. எங்கள் தளத்தில் நான் செய்த மாற்றம் அழித்தது. அவர் மூன்று முறை எச்சரித்தார், நாங்கள் கேட்கவில்லை. புகார்கள் இணைப்பில். நேரில் வந்து செய்து காட்டத் தயார். கோகிலவாணி.

'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தேன். அனுப்பும் முன் அதை எடுத்துவிட்டு 'என்னால்' என்று போட்டேன்.

ஜூன் 12, புதன்

சார் என் மேசைப் பக்கமே வரவில்லை. ஷாஹிரா என் மேசையில் ஒரு முட்டை பப்ஸ் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 13, வியாழன்

பீளமேடு. கல்பனா மேடம் அறையில் குட்டி நாற்காலிகள். மேடம் மட்டும் பெரிய நாற்காலியில். அருள்மேரியையும் வரச் சொல்லியிருந்தார். ஐம்பதுக்குப் பக்கம் இருக்கும், ஒல்லி, கையில் பிளாஸ்டிக் உறையில் ஏதோ காகிதம். மகேந்திரன் சாரும் வந்திருந்தார். எனக்கு முன்னால் பேசிவிடத்தான்.

"மேடம், இது ரொம்ப அரிதா வர்ற பிரச்சனை. யாராலயும் முன்கூட்டியே..."

"அந்தப் பொண்ணு காட்டட்டும் சார்" என்றார் மேடம்.

பழைய அமைப்போடு என் லேப்டாப்பில் ஒரு நகல் வைத்திருந்தேன். மிதுலனின் குறிப்பைத் திறந்து அருள்மேரி பக்கம் திருப்பினேன். "நீங்களே அழுத்துங்க டீச்சர். ஒண்ணும் மாத்த வேண்டாம். தினமும் பண்ற மாதிரி."

அவர் அழுத்தினார். திறந்தார். அழுத்தினார். நாலாவது தடவை எழுத்து பாதிப் பெட்டி தள்ளி நின்றது. "பாத்தீங்களா, ஒதுங்குது" என்றார் யாரிடமோ. ஏழாவதில் 'நிலக்கடலை கொடுக்கவே கூடா' என்று நின்றது. எட்டாவதில் வெள்ளை.

வெளியே குழந்தைகள் கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"இத மார்ச்லயே சொன்னீங்களா அருள்மேரி?" என்றார் மேடம்.

"நவம்பர்லயே சொன்னேனுங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கம்ப்யூட்டர் பிரச்சனைன்னா அங்கதான் சொல்லோணும், உங்களத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நீங்கதானுங்க சர்க்குலர் போட்டீங்க." பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதத்தை எடுத்து வைத்தார். அது அந்த சர்க்குலர்.

மேடம் அதைப் படிக்கவில்லை. "சரி, திங்கக்கிழமையில இருந்து வந்துருங்க. நடந்தது நடந்துபோச்சு."

அருள்மேரி எழவில்லை. "வர்றனுங்க. ஆனா அம்மாமாருங்க க்ரூப்ல 'கவனக்குறைவால் ஆசிரியை நீக்கப்பட்டார்'னு போட்டீங்க. அதே க்ரூப்ல, யாரால ஆச்சுன்னு போடுங்க. இல்லீன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு வாசல்ல நின்னு பிள்ளைங்கள வாங்குவேன்?"

"சிஸ்டம் தவறுன்னு போட்டுரலாம்" என்றார் சார் உடனே.

"சிஸ்டம்னா யாருங்க?" என்றார் அருள்மேரி. "எம் பேரு போட்டப்ப சிஸ்டம்னு போடலியே."

"என் பேரப் போடுங்க மேடம்" என்றேன். லேப்டாப்பை மூடினேன்.

வெளியே வந்ததும் அருள்மேரி என்னைப் பார்த்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போல, அதனால்தான் இதை எழுதக் கூசுகிறது. "மொத நாளு போன்ல பேசுனப்பவே, ரிப்போர்ட் குடுத்தது நீங்கதான்னு சொல்லியிருக்கலாம்" என்றார். "ஒரு வாரமா எம் புருசனே என்னை நம்பல." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 14, வெள்ளி

தளிர்நடை வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். மாதக் கடைசியில் என்னைப் பற்றி 'மறுபரிசீலனை' இருக்கிறதாம். சார் மெயிலில்தான் சொன்னார், பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு. பதில் எழுதினேன்: மறுபரிசீலனையில் அந்த மூன்று புகார்களையும், நாற்பது புகாருக்கு ஒரே ஆள் என்பதையும், அக்டோபர் 13 அன்று எனக்குச் சொல்லப்பட்ட வேலையையும் சேர்த்துப் பேச வேண்டும். அனுப்பிவிட்டுப் பால் எடுக்கப் போனேன். அதற்கென்று தனி அறை கிடையாது, சர்வர் வைக்கும் அறைதான். கதவில் 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். இத்தனை நாள் கதவை முதுகால் முட்டுக் கொடுத்துக்கொண்டு எடுத்தேன்.

குரூப்பில் போட்டுவிட்டார்கள். என் பெயர், கம்பெனி பெயர், இரண்டும்.

நாலு மணிக்கு, வீட்டில், தெரியாத எண். ஆதிரை மடியில்.

"கோகிலவாணியா?"

"ஆமாங்க."

"நான் மிதுலன் அம்மா."

எழுந்து நின்றேன். ஏன் என்று தெரியவில்லை.

"நீங்கதானா அது?"

மன்னிப்பை நான்கு விதமாக மனதில் எழுதி வைத்திருந்தேன். டெம்ப்ளேட், அமைப்பு, கடைசி நாள், கால் வீக்கம், எல்லாம் அவற்றில் இருந்தன. ஒன்றும் வாயில் வரவில்லை. வராததே நல்லது.

"ஆமாங்க, நான்தான்."

அவர் பேசினார். ஆட்டோவில் பிள்ளையின் உதடு எந்த நிறமாக ஆனது என்று சொன்னார். ஊசி போட்ட பிறகும் அவன் தன்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்தானாம், எத்தனை நிமிஷம் அப்படிப் பார்த்தான் என்று சொன்னார். அருள்மேரியை வாசலில் நிறுத்தி என்னவெல்லாம் கேட்டுவிட்டேன் என்று சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் அழுதார். பதினான்கு நிமிடம். நான் வைக்கவில்லை. ஒரு முறைகூட 'ஆனால்' என்று சொல்லவில்லை.

கடைசியில், "உங்களுக்குக் குழந்தை இருக்கா?" என்றார்.

"ஏழு மாசம்."

"அதுக்கு இப்படி ஆகியிருந்தா?"

"உங்கள மாதிரியே போன் பண்ணியிருப்பேன்" என்றேன். "பேரச் சொல்றவரைக்கும் விட்டிருக்க மாட்டேன்."

பிறகு, "திங்கக்கிழம மிதுலன அனுப்பறேன். அருள்மேரி வர்றாங்கன்னாதான் அனுப்பறேன்" என்றார்.

"வர்றாங்க" என்றேன்.